எம்டன் போன வழி

சென்னை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நீ கேட்டிருந்த ஒரு கேள்விக்குள் இறங்கியவன் மேலே வர இத்தனை நாள் பிடித்தது. முதலில் வீட்டுச் செய்தி. இவளுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது காலைப் பேப்பரை எனக்கு முன்னால் எடுத்துவிடுகிறாள். சின்னவளுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. நீயும் தங்கச்சியும் கட்டாயம் வர வேண்டும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போன ஊரையெல்லாம் மேப்பில் காட்டு என்று பேரன் கேட்டானாம். நீ உலக உருண்டையைச் சுற்றிக் காட்டினாயாம். அவனுக்கு அது போதவில்லை, கப்பல் போன வழியைக் கோடாகப் பார்க்க வேண்டுமாம். கம்ப்யூட்டரில் முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் நீ கப்பலில் ஓடிய முப்பது வருடக் கடலில் கை வைப்பதற்கு முன்னால் வேறொரு கப்பலை வைத்துப் பழகிக்கொண்டேன். எம்டன்.

பொல்லாத ஆளைப் பார்த்து 'சரியான எம்டன்' என்று நம் ஊரில் சொல்வோமே, அந்தப் பெயரின் சொந்தக்காரன். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் மதராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று ஏறக்குறைய 130 குண்டுகளைப் போட்டுவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, மக்கள் செத்தார்கள், ஊரே காலி செய்துகொண்டு ஓடியது. அதன் நினைவாக ஹைகோர்ட் மதிலில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். அந்தக் கப்பல் எந்த வழியாக வந்தது, இங்கிருந்து எங்கே போனது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நான் பிடித்த கருவியின் பெயர் ஜிஎம்டி. ஜெனரிக் மேப்பிங் டூல்ஸ். அமெரிக்காவில் லாமான்ட் என்ற நிலவியல் ஆய்வகத்தில் மாணவர்களாக இருந்த பால் வெஸ்ஸல், வால்டர் ஸ்மித் என்ற இருவர் 1988இல் தொடங்கியது. இலவசம்தான். சுட்டியைப் பிடித்து இழுத்து வரைகிற வேலையே இதில் கிடையாது. டெர்மினலைத் திறந்து, கட்டளையைத் தட்ட வேண்டும். 'பிகின்' என்று தொடங்கி, 'கோஸ்ட்' என்றால் கரையோரம், 'பிளாட்' என்றால் புள்ளியும் கோடும், 'எண்ட்' என்றால் படம் தயார். எந்தப் பகுதி வேண்டும் என்பதற்கு மைனஸ் ஆர்: மேற்கே 65, கிழக்கே 110, தெற்கே மைனஸ் 15, வடக்கே 25. எந்த வகைப் படம் என்பதற்கு மைனஸ் ஜே. அதற்குப் பக்கத்தில் எம் போட்டால் நீ கடல் சார்ட்டில் பார்த்துப் பழகிய மெர்க்கேட்டர், உருண்டையைத் தட்டையாக விரிக்கிற ஒரு முறை. இவ்வளவுதான். எழுத்தாக இருப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. படத்தில் என்னென்ன செய்தேன் என்பது வரி வரியாகக் கண்முன் நிற்கிறது. ஒரு புள்ளி தவறு என்று நாளைக்குத் தெரிந்தால் அந்த ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினால் போதும். நீங்கள் சார்ட்டை ரப்பர் வைத்து அழித்து அழித்து வரைவீர்களே, அந்தப் பாடு இல்லை.

முதலில் எம்டன் போன மூன்று இடங்களை மட்டும் எழுதினேன். மதராஸ், இந்தியப் பெருங்கடல் நடுவே இருக்கிற டியகோ கார்சியா தீவு, லட்சத்தீவுகளில் மினிக்காய். ஓட்டினேன். இந்தியா வந்தது, இலங்கை வந்தது, கப்பலைக் காணோம். ஒரு சாயங்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. கடைசியில் உலகம் முழுவதையும் வரையச் சொன்னதும் தெரிந்தது: மதராஸ் ஆர்க்டிக் கடலில், ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு வடக்கே கிடக்கிறது. டியகோ கார்சியா யான் மாயன் தீவுக்குப் பக்கத்தில். நான் அட்சரேகையை முன்னால் எழுதிவிட்டேன். கடல்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வீர்கள். இந்தக் கருவிக்குத் தீர்க்கரேகை முன்னால் வர வேண்டும். 13.1, 80.3 என்று நான் கொடுத்ததைக் கிழக்கே 13, வடக்கே 80 என்று எடுத்துக்கொண்டது. இதை நீ நன்றாக நினைவில் வை, காரணம் கடைசியில் சொல்கிறேன்.

எண்களை மாற்றிப் போட்டு, பினாங்கையும் சுமத்திராவுக்குத் தெற்கே இருக்கிற கோகோஸ் தீவையும் சேர்த்து, தேதி வரிசையில் கோடு போடச் சொன்னேன். வந்த படத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். மதராஸிலிருந்து கிளம்பிய எம்டன் கடலூர்ப் பக்கம் கரையேறி, கும்பகோணத்தை ஒட்டி, பட்டுக்கோட்டை வழியாக இராமநாதபுரம் போய் அங்கே மறுபடி கடலில் இறங்கி டியகோ கார்சியா போகிறது. அப்புறம் மினிக்காயிலிருந்து பினாங்குக்குப் போகும்போது சிலாபத்துக்குச் சற்று வடக்கே இலங்கையில் ஏறிக் கல்முனைப் பக்கம் இறங்குகிறது. பினாங்கிலிருந்து கோகோஸ் தீவுக்குச் சுமத்திராவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரே ஓட்டம்.

கருவியின் மேல் தப்பே இல்லை. ஐந்து புள்ளி கொடுத்தேன், இணை என்றேன், இணைத்தது. யோசிக்க யோசிக்க எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. இரண்டு புள்ளிக்கு நடுவில் கோடு போடுகிறவன், கப்பல் இந்த வழியாகத்தான் போனது என்று சாட்சி சொல்கிறான். தரைமேல் விழுந்த கோடு பொய் என்று பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. நடுக்கடலில் விழுந்த பொய்க்கோடு தெரியவே தெரியாது. அது அழகாக, உண்மை போலவே இருக்கும்.

அதனால் தேதியோடு இடம் தெரிந்த புள்ளிகளைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தேன். செப்டம்பர் 10 தொடங்கி வங்காள விரிகுடாவில் வரிசையாகச் சரக்குக் கப்பல்களைப் பிடித்திருக்கிறார்கள். இண்டஸ், லோவட், டிப்ளமாட். டிப்ளமாட் நிறையத் தேயிலை. 22 மதராஸ். 25இல் இலங்கைக் கரைக்கு அருகே கிங் லட் என்ற சரக்குக் கப்பல். அக்டோபர் 9 டியகோ கார்சியா. அந்தத் தீவில் இருந்தவர்களுக்கு உலகத்தில் போர் தொடங்கியதே தெரியாது, வந்தவர்களை உபசரித்திருக்கிறார்கள். எம்டன்காரர்களும் அவர்களுடைய மோட்டார்ப் படகைப் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். அக்டோபர் நடுவில் மினிக்காய்ப் பக்கம் மறுபடி வேட்டை. 28 விடியலில், பொய்யாக நாலாவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9 கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை உடைக்கப் போன இடத்தில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து சேர்ந்தது. அந்தத் தீவுக்கூட்டத்திலேயே வடக்குக் கீலிங் தீவின் பவளப் பாறையில் எம்டன் தட்டி நின்றது. அதுதான் கடைசிப் புள்ளி.

புள்ளிகளைத் தேதிப்படி நிறம் மாறுகிற வட்டங்களாக வைத்தேன். வழி நன்றாகத் தெரிகிற இடத்தில் மட்டும் முழுக்கோடு. மற்ற இடங்களில் விட்டுவிட்டுப் போகிற மெல்லிய சாம்பல் கோடு, அதுவும் கரையைத் தொடாமல் நானே இடையில் வளைவுப் புள்ளி கொடுத்து. கோடு எங்கே அறுபட வேண்டுமோ அங்கே கோப்பில் ஒரு வரியில் பெரிது என்கிற குறியை (>) போட்டால் போதும், அடுத்த துண்டு தனியாகத் தொடங்கும். இந்தச் சின்னக் குறி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இப்போது படத்தைப் பார்த்தால் வட்டங்களைவிட வெற்றிடம்தான் அதிகம். அன்றைக்குத் தேடிக்கொண்டிருந்த ஆங்கிலேயக் கடற்படையின் மேஜையிலும் ஏறக்குறைய இதே படம்தானே இருந்திருக்கும்? எங்கேயோ ஒரு கப்பல் பிடிபட்டது, பிடித்தவர்கள் விடுவித்து அனுப்பிய மாலுமிகள் கரைக்கு வந்து சொன்னார்கள், சார்ட்டில் ஒரு புள்ளி ஏறியது. அதற்குள் எம்டன் வேறு எங்கோ. எம்டனின் கேப்டன் முல்லருக்கு அந்த வெற்றிடம்தான் ஆயுதம். மதராஸில் எரிந்தது எண்ணெய். ஆனால் கப்பல் கம்பெனிகளைத் துறைமுகத்துக்குள் முடங்க வைத்தது, அடுத்த புள்ளி எங்கே விழும் என்று தெரியாத பயம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மதராஸிலிருந்து இலங்கையைக் கிழக்கே சுற்றிக்கொண்டு தென்கரைக்கு வர, நான் போட்ட வழியின் தூரத்தைக் கருவியையே அளக்கச் சொன்னேன். ஏறத்தாழ 550 கடல் மைல். 22 இரவு கிளம்பி 25இல் கிங் லட் என்றால், எட்டிலிருந்து பத்து நாட், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல் வேகம்தான் வருகிறது. 23 நாட்டுக்கு மேல் ஓடக்கூடிய கப்பல் அது. கூடவே வந்த கரிக்கப்பலுக்காக மெதுவாகப் போனார்களா, கரியை மிச்சம் பிடிக்கவா, இரண்டுமா? கடலில் நின்றவன் நீ, உனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, நீ படத்தைப் பார்த்ததும் கேட்பாய் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மினிக்காய்-பினாங்கு கோடு லேசாக வடக்கே வளைந்திருக்கும். தீர்க்கரேகையும் அட்சரேகையும் கொடுத்தால் ஜிஎம்டி தானாகப் பெருவட்டத்தில்தான், அதாவது உருண்டைமேல் மிகக் குறுகிய வழியில்தான் இணைக்கிறது. ஒரே கோர்ஸில், திசையை மாற்றாமல் ஓட்டுகிற ரம்ப் லைன் வேண்டுமானால், மெர்க்கேட்டர் படத்தில் மைனஸ் ஏ போட்டு நேர்க்கோடாக இழுக்க வேண்டும். நம் பக்கத்தில் வித்தியாசம் நடுவில் 20 கிலோமீட்டர்தான். ஆனால் நீ கேப்டவுனிலிருந்து மெல்போர்ன் போனதை அப்படியே விட்டால், உன் கப்பலைத் தெற்கே 58 பாகை வரை பனிக்குள் இறக்கிவிடும்.

இந்தக் காலத்தில் இவ்வளவு சிரமம் இல்லை என்பாய். 2004 கடைசியிலிருந்து, வெளிநாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் எல்லாம் ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவியை வைத்துத் தன் இடத்தைச் சில வினாடிக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டே போகிறது. அதிலும் கருவியை அணைத்த நேரம் உண்டு, இடம் கிடைக்காதபோது தீர்க்கரேகை 181, அட்சரேகை 91 என்று உலகத்திலேயே இல்லாத இடத்தை அனுப்புவதும் உண்டு. அவற்றையெல்லாம் களையாமல் கோடு போட்டால் அதே கும்பகோணக் கதைதான்.

இனி உன் முறை. உன் கப்பல் வேலைப் பதிவான சிடிசி புத்தகத்தை எடு. எந்தத் துறைமுகத்தில் ஏறினாய், எங்கே இறங்கினாய் என்பது தேதியோடு அதில் இருக்கும். நீ டைரியில் குறித்துவைத்த நூன் பொசிஷன்கள், அதாவது தினமும் நண்பகலில் கப்பல் இருந்த இடங்கள் இருந்தால் அதையும் எழுது. முதலில் தேதி, அடுத்து தீர்க்கரேகை, அப்புறம் அட்சரேகை. மேற்கும் தெற்கும் மைனஸ். பேரனை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுதச் சொல், நோட்டுத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். நினைவில் இல்லாத நாளுக்கு ஊகித்து எண் போட வேண்டாம், காலியாகவே விடு.

எல்லாவற்றுக்கும் முன்னால் 1991இல் நீ போனதை எழுது. இரண்டு மாதம் உன்னிடமிருந்து ஒரு வரியும் வராமல், உன் அம்மா தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தார்களே, அந்தப் பயணம்.

உன் அன்பு நண்பன்