புள்ளிக்கு வலப்பக்கம்

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. இத்தனை ஆண்டுகளும் தொடக்கப் பள்ளியிலேயே இருந்துவிட்டு, ஓய்வு பெற ஓராண்டே இருக்கும் நேரத்தில் ஏழாம் வகுப்புக் கணக்கு உன் தலையில் வந்து விழுந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. 0.125, 0.4 ஆகிய இரண்டு தசம எண்களில் எது பெரியது என்று கேட்டதற்குப் பாதி வகுப்பு 0.125 என்று கை தூக்கியதாக எழுதியிருந்தாய். என் வகுப்பிலும் ஆண்டுதோறும் இதே கதைதான்.

இதற்கு மருந்தாக நான் இருபது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தது, இடங்கள் சமமாகும்வரை வலப்பக்கம் பூச்சியம் போடும் வழியைத்தான். 0.400, 0.125 என்று எழுதிவிட்டால் விடை தவறாது. ஆனால் பிள்ளைகள் அங்கே ஒப்பிடுவது நானூறையும் நூற்று இருபத்தைந்தையுமே தவிர, பத்தில் நான்கை அல்ல; புள்ளியின் இருபுறமும் இரண்டு தனி முழு எண்கள் உட்கார்ந்திருக்கின்றன என்ற அவர்களுடைய எண்ணத்துக்கு நானே உரம் போட்டு வந்திருக்கிறேன். 0.4, 0.40 இரண்டில் எது பெரியது என்று ஒருநாள் கேட்டபோது, "0.40 தான் சார், பூச்சியம் சேர்த்தால் பத்து மடங்கு ஆகும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்று ஒரு மாணவி பதில் சொன்னாள். அன்றோடு அந்த வழியை முதல் பாடமாக வைப்பதை விட்டேன்.

இப்போது வாசிப்பிலிருந்து தொடங்குகிறேன். 3.25 என்பதை 'மூன்று புள்ளி இருபத்தைந்து' என்று படிக்க விடுவதில்லை. 'மூன்று புள்ளி இரண்டு ஐந்து' என்று படித்துவிட்டு, மூன்று ஒன்றுகள், இரண்டு பத்தில் ஒன்றுகள், ஐந்து நூறில் ஒன்றுகள் என்று பிரித்தும் சொல்ல வேண்டும். பெட்ரோல் விலையை வீட்டில் 'இத்தனை ரூபாய் இத்தனை காசு' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எளிதில் நாக்கில் படிவதில்லை. நாமாவது ஐந்து காசும் பத்துக் காசும் கொடுத்து மிட்டாய் வாங்கியவர்கள். 25 காசும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போனபின் பிறந்த இவர்களுக்குக் காசு என்பது வெறும் சொல். கிரிக்கெட் பார்க்கும் பையன்களிடம் இன்னும் கவனமாக இரு. 19.4 ஓவர் என்றால் பத்தொன்பது ஓவரும் நான்கு பந்துகளும், 19.5-க்கு அடுத்த பந்தோடு ஓவர் இருபதாகிவிடும். எழுத்தில் தசமம் போலத் தெரியும் இது ஆறின் கணக்கு என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் உன்னோடு வாதாடுவார்கள்.

இடமதிப்பு அட்டவணை போட்டபோது ஒரு பையன், "இடப்பக்கம் ஒன்று, பத்து, நூறு என்று போகிறதே, வலப்பக்கம் மட்டும் ஏன் பத்திலிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. புள்ளியைக் கண்ணாடியாக வைத்துப் பார்த்திருக்கிறான். நடுவில் நிற்பது புள்ளி அல்ல, ஒன்றாம் இடம். அதன் இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்தில் ஒன்று என்று காட்டியதும் தலையாட்டினான். எழுதுவதற்கு அளவுகோலைப் போல வேறொன்றும் உதவவில்லை. 5 சென்டிமீட்டர் 7 மில்லிமீட்டர் என்பது 5.7 சென்டிமீட்டர், 5 மீட்டர் 7 சென்டிமீட்டர் என்பதோ 5.07 மீட்டர். இரண்டையும் அருகருகே எழுத வைத்தால், அந்த நடுப் பூச்சியம் ஏன் வருகிறது என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

ஒப்பிடுவதற்கு நூறு கட்டங்கள் உள்ள வரைபடத் தாள் போதும். 0.4-க்கு நான்கு முழு வரிசைகளை வண்ணம் தீட்டி முடித்த ஒருத்தி, 0.125-க்கு ஒரு வரிசையும் இரண்டு கட்டமும் தீட்டிவிட்டு, மிச்ச ஆயிரத்தில் ஐந்துக்கு அடுத்த கட்டத்தைப் பாதியாக மடித்துக் கோடு போட்டாள். எது பெரியது என்று நான் கேட்கவேயில்லை.

சில நேரம் சின்ன எண்தான் வெல்லும் என்பதற்கு ஓட்ட வீராங்கனை பி.டி. உஷாவின் ஓட்டத்தைச் சொல்கிறேன். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 55.42 வினாடி, வெண்கலம் வென்ற ருமேனிய வீராங்கனைக்கு 55.41. ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்று சாப்பிடாமல் படுத்தவன் நீ. நூறில் ஒன்று என்றால் எவ்வளவு என்பதை உன்னைவிட நன்றாக யார் சொல்லிக்கொடுக்க முடியும்?

கடைசியாக ஒன்று. 0.4-ஐச் சரியாகச் சொன்ன பாதி வகுப்பையும் நம்பிவிடாதே. 'ஆயிரத்தில் ஒன்று ரொம்பச் சின்னது, அதனால் நீளமான எண் எப்போதும் சின்னது' என்று நினைப்பவர்களும் அதில் இருப்பார்கள். 0.6, 0.65, 0.605 ஆகிய மூன்றையும் பெரியதிலிருந்து வரிசைப்படுத்தச் சொல். நீளம் பார்ப்பவன் 0.605-ஐ முதலில் வைப்பான், குட்டையைப் பெரிதென்பவன் 0.6-ஐ வைப்பான், புரிந்தவன் மட்டுமே 0.65-ஐ எடுப்பான். எத்தனை பேர் சரியாகச் செய்தார்கள் என்பதைவிட, மற்றவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்