சிலை செய்யப் போகிற மருமகளுக்கு

அன்புள்ள கண்ணு,

போன வாரம் சீர் வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, "பிளஸ் டூ முடிச்சுட்டுச் சிலை செய்யப் போறாளாமா, அதுல சோறு கிடைக்குமா?" என்று கேட்டார்கள். நீ ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டாய். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை, அது ஒரு வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் நம் ஆட்கள் எல்லாரும் படிக்கிற இடத்திலேயே இதை எழுதுகிறேன்.

ரான் மியூக் என்று ஒரு சிற்பி இருக்கிறார். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் 1958இல் பிறந்தவர். அப்பா, அம்மா இரண்டு பேரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள், பொம்மை செய்கிறவர்கள். மியூக் கலைக் கல்லூரிக்கே போனதில்லை. குழந்தைகளுக்கான டிவி நிகழ்ச்சிகளுக்குப் பொம்மை செய்தார், பிறகு இங்கிலாந்துக்குப் போய், பொம்மைகளை வைத்துப் படம் எடுத்த ஜிம் ஹென்சனின் படங்களுக்குச் செய்தார், அதற்கப்புறம் லண்டனில் விளம்பரக் கம்பெனிகளுக்கு மாடல் செய்து கொடுத்தார். கேமரா எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்கிற வேலை அது. படம் எடுத்து முடித்ததும் அந்த மாடலுக்கு மதிப்பில்லை. இப்படியே நாற்பது வயதை நெருங்கிவிட்டார். நம் வீட்டுப் பெரியவர்கள் அன்றைக்கு அவரைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உனக்கே தெரியும்.

1996இல் அவருடைய மாமியார், ஓவியர் பவுலா ரேகோ, ஒரு கண்காட்சிக்காக, கதையில் வரும் மரப்பொம்மைப் பையன் பினோக்கியோவின் உருவம் ஒன்று செய்து தரச் சொன்னார். அதைப் பார்த்துத்தான் சார்லஸ் சாட்சி என்ற பெரிய சேகரிப்பாளர் அவரைப் பிடித்துக்கொண்டார். மறு வருடம் லண்டன் ராயல் அகாடமியில் நடந்த கண்காட்சியில் மியூக்கின் ஒரு சிலை தரையில் கிடந்தது. இறந்துபோன தன் அப்பாவைச் செய்திருந்தார். உடம்பில் துணி இல்லை, மல்லாந்து படுத்திருக்கிறார், காலில் நரம்பு தெரிகிறது, வைத்த முடி மியூக்கின் சொந்த முடி. எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது, ஆனால் நீளம் மட்டும் மூன்றேகால் அடிதான். நிஜ ஆளில் மூன்றில் இரண்டு பங்கு.

நான் அதைப் போட்டோவில்தான் பார்த்தேன். பார்த்ததும் உன் அப்புச்சி ஞாபகம்தான் வந்தது. அவர் போன அன்று வாசலில் கட்டிலைப் போட்டுக் கிடத்தியிருந்தோம். மஞ்சள் மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிய மனுசன், அந்தக் கட்டிலில் பாதிகூட நிறையவில்லை. புது வேட்டி அவர் மேல் அகலமாகக் கிடந்தது. பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியபோது என் கைக்குள் அடங்கிவிட்டன. அப்பா எப்போது இவ்வளவு சின்னதானார் என்று நின்றுகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எங்கேயோ இருக்கிற ஒருவர் அதையே கண்டிருக்கிறார், அளவாகவே செய்து வைத்திருக்கிறார்.

மியூக்கின் வேலையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த அளவுதான். தோல், மயிர், மச்சம் என்று எல்லாரும் வாயைப் பிளக்கிறார்கள். களிமண்ணில் உருவம் பிடித்து, அச்செடுத்து, சிலிக்கோனிலோ ஃபைபர் கிளாஸிலோ வார்த்து, ஒவ்வொரு முடியாகக் குத்தி வைக்கிறாரே, அந்தப் பொறுமை பெரிய விஷயம்தான். ஆனாலும் அவர் ஆளுயரத்துக்குச் செய்வதே இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பையனை 1999இல் கிட்டத்தட்ட 5 மீட்டர் உயரத்துக்குச் செய்தார். அது இத்தாலியில் வெனிஸ் கலைக் கண்காட்சிக்குப் போய், இப்போது டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகர மியூசியத்தில் இருக்கிறது. 2006இல் செய்த பிறந்த குழந்தையும் 5 மீட்டர் நீளம். பிரசவ அறைக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்த அளவு புரியும், ஒரு வீட்டையே நிறைத்துக்கொண்டுதானே பிள்ளை வருகிறது.

நமக்கும் இது புதிதில்லை, சாமி. கோயிலுக்கு நேர்ந்துகொண்டு மண் உருவாரம் வைக்கிறோமே, பிள்ளை வேண்டி வைக்கிற உருவாரம் கைக்கடக்கமாக இருக்கிறது, சாமிக்கு விடுகிற குதிரை ஆளை விட உயரமாக நிற்கிறது. திருமுருகன்பூண்டியில் கல் அடிக்கிறவர்களைக் கேட்டுப் பார், முக நீளத்தை ஒரு தாலமாக வைத்து, இந்தச் சாமிக்கு இத்தனை தாலம் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கை நீ கட்டாயம் படிக்க வேண்டும். மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி இருக்கிறது, சென்னையிலும் கும்பகோணத்திலும் கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் இருப்பது 1850இல் ஆரம்பித்தது. மூன்றுக்கும் விண்ணப்பம் போடு, பணம் நான் கட்டுகிறேன். உன் அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

சோறு கிடைக்குமா என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் சில வருடம் கல்யாண மண்டப முகப்பு, கோயில் சுதை வேலை, கடை வாசல் பொம்மை என்று வருவதைத்தான் செய்ய வேண்டியிருக்கும். கூச்சப்படாதே. மியூக்கின் கை தேறியது அப்படிப்பட்ட வேலையில்தான். நிதானமும் அங்கே வந்ததுதான் என்று நினைக்கிறேன். இத்தனை வருடத்தில் அவர் செய்திருப்பது சுமார் 50 சிலைகள். 2023இல் அவர் செய்த மூன்று பெரிய நாய்களில் முடியே கிடையாது, வெறும் கறுப்பு உடம்பு, நிற்கிற நிலை மட்டும்தான். கால் நூற்றாண்டு பேர் வாங்கிக் கொடுத்த முடியை அதில் விட்டுவிட்டார். எனக்கு அந்த நாய்கள்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

அப்புறம், நீ செய்துகொண்டிருக்கிற அம்மிச்சியின் மண் சிலை. பொடக்காணியில் ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கிச் சின்ன வெங்காயம் உரிக்கிறாள், உயரம் ஒரு சாண்தான் இருக்கும். கை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கிறது என்று உன் அப்பா சொன்னாராம், நீயும் செதுக்கிக் குறைக்கப் போவதாகச் சொன்னாய். குறைக்காதே. அறுபது வருடமாகக் களை பறித்த கை அது, நமக்கெல்லாம் அந்தக் கை அப்படித்தான் தெரியும்.

மண் முழுசாக இறுகுவதற்குள் அடியிலிருந்து குடைந்து உள்ளே பொள்ளலாக்கிவிடு, காற்றுப் போக ஒரு ஓட்டையும் விடு, இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். வெயிலில் வைக்காமல் திண்ணை நிழலில் காயவிடு. கை பெரிதானாலும் உடம்பை விட மெல்லிசாக இருப்பதால் முதலில் காய்ந்து வெடிப்பு விடும், அதன் மேல் மட்டும் ஈரத்துணி போட்டு வை. ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், குயவர் வளவில் அன்றைக்குச் சூளை போடுகிறார்களாம், சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் மாமன்