கடைசிப் பக்கத்துக்குப் பிறகு

ஆம்ஸ்டர்டாம்
8.5.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பங்குனிக் கடைசியில் நீங்கள் எழுதிய கடிதம் சித்திரை பிறந்து பத்து நாள் கழித்துக் கிடைத்தது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசிவிடுகிறோமே என்ற நினைப்பில் ஐந்து மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன். பேசியது காற்றோடு போய்விடும், எழுதியதுதான் கையில் நிற்கும் என்று நீங்கள் எழுதியிருந்த வரி என்னைச் சுட்டது. அந்த வாரம் முழுவதும் வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அதுதான்.

ஆங்கிலம் நடத்தப் போனவளுக்கு ஹிட்லர் காலத்தில் என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் பள்ளியில் டச்சிலும் ஆங்கிலத்திலும் பாடம் நடக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் தொடங்கி ஆறு வாரம், வரலாற்று ஆசிரியரும் நானும் சேர்ந்து நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை நடத்துகிறோம். அவள் ஒளிந்திருந்த பிரின்சன்கிராக்ட் 263ஆம் எண் வீடு எங்கள் பள்ளியிலிருந்து சைக்கிளில் கால்மணி நேரம்தான். ஊருக்கு நடுவில் நடந்த கொடுமையை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே வெளியிலிருந்து வந்த நான் சொல்வதா என்று முதல் வருடம் மிகவும் தயங்கினேன். இது எனக்கு மூன்றாவது வருடம்.

அம்மா வாராவாரம் விசாரிக்கும் கீழ்வீட்டுப் பாட்டி சௌக்கியமாக இருக்கிறார். வயது எண்பத்தைந்து. அவர் உருளைக்கிழங்கு சீவுவதை அம்மா ஒருமுறை பார்க்க வேண்டும். தோல் அத்தனை மெல்லிசாக வருவதால் அதன் வழியே கத்தி தெரியும். காய்ந்துபோன ரொட்டி ஓரங்களைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். 1944ஆம் வருடக் கடைசியில் டச்சு ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, ஜெர்மானியர்கள் பதிலுக்கு இந்த மேற்குப் பகுதிக்கு உணவு வராமல் தடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் பட்டினியாலும் குளிராலும் செத்துப்போனார்கள். பாட்டிக்கு அப்போது ஆறு வயது. அவருடைய அம்மா டூலிப் கிழங்கை வேகவைத்துக் கொடுத்தாராம். ஏப்ரலில் ஊர் முழுக்க டூலிப் பூவைக் கொண்டாடும்போதும் அவர் வீட்டு ஜன்னலில் ஒரு பூ இருக்காது. நான் வைக்கும் மிளகு ரசம் அவருக்கு மிகவும் பிடிக்கும். கிண்ணம் காலியானதும் அதில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சுழற்றி அதையும் குடித்துவிட்டுத்தான் திருப்பித் தருவார். தீபாவளிக்கு நான் செய்த அதிரசத்தில் பாதியை அவரிடம்தான் கொடுத்தேன். ஆகவே நான் இங்கே தனியாக இருக்கிறேன் என்று அம்மா கவலைப்பட வேண்டாம்.

வகுப்பில் நான் செய்த ஒரு தவற்றை உங்களிடம் சொல்ல வேண்டும். ஆனுடைய அக்கா மார்கோட்டுக்கு 1942 ஜூலை 5ஆம் தேதி ஜெர்மனியில் வேலைக்கு வரச் சொல்லி ஆணை வந்தது. மறுநாள் காலையிலேயே குடும்பம் ஒளிவிடத்துக்குப் போய்விட்டது. பெட்டியோடு தெருவில் நடந்தால் சந்தேகம் வரும் என்பதால், ஜூலை மாதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டைகளை மாட்டிக்கொண்டு போனார்கள். ஆன் தன் பையில் முதலில் வைத்தது நாட்குறிப்பு, பிறகு தலைமுடியைச் சுருட்டும் சுருள்கள், கைக்குட்டை, பாடப்புத்தகம், சீப்பு, பழைய கடிதங்கள். முதல் வருடம் நான் இந்த இடத்தில், "நீங்களாக இருந்தால் பையில் என்ன எடுத்துக்கொள்வீர்கள்?" என்று எழுதச் சொன்னேன். பிள்ளைகள் உற்சாகமாக எழுதினார்கள். சிரியாவின் அலெப்போவிலிருந்து சின்ன வயதில் வந்த ஒரு பெண் மட்டும் வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய்க் கேட்டேன். படகில் பாரம் அதிகமென்று பையைக் கடலில் போடச் சொல்லிவிட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. ஒருவருடைய உயிர்ப்பயத்தை இன்னொருவர் அரைமணி நேரம் நடித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அந்தப் பயிற்சியை அதோடு விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக இப்போது அன்றைய உத்தரவுகளைத் தேதிவாரியாகப் படிக்கிறோம். 1941 செப்டம்பர் முதல் யூதப் பிள்ளைகள் தனிப் பள்ளிக்குப் போக வேண்டும். 1942 மே மாதம் முதல் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்க வேண்டும். சைக்கிளை ஒப்படைக்க வேண்டும், டிராமில் ஏறக் கூடாது, பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரைதான் கடைக்குப் போகலாம், இரவு எட்டு மணிக்குமேல் வீட்டு முற்றத்தில்கூட உட்காரக் கூடாது. சைக்கிள் என்றதும் வகுப்பு அசையாமல் கேட்டது. இந்த ஊர்ப் பிள்ளைக்குச் சைக்கிள் இல்லையென்றால் கால் இல்லாத மாதிரி. திடீரென்று ஒருநாளில் கொலை வந்துவிடவில்லை, அது காகிதம் காகிதமாக வந்தது என்பது அவர்களுக்கு அங்கேதான் உறைக்கிறது. கைது செய்ய வந்த நாஜி அதிகாரியோடு யார் வந்தார்கள் என்று ஒரு பையன் கேட்டான். டச்சுப் போலீஸ்காரர்கள் என்றேன். "நம்ம ஊர்ப் போலீஸா?" என்று திரும்பவும் கேட்டான். ஆமாம் என்றேன். நெதர்லாந்தில் அன்றிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,02,000 பேர் கொல்லப்பட்டார்கள். யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று நகராட்சி ஒழுங்காக எழுதி வைத்திருந்த பதிவேடே அதற்கு உதவியது. காட்டிக்கொடுத்தவர் யார் என்றே எல்லாப் பிள்ளைகளும் துப்பறியப் பார்க்கிறார்கள். ஆனின் குடும்பமும் அவர்களோடு ஒளிந்திருந்தவர்களுமாக எட்டுப் பேருக்கு இரண்டு வருடம் ரேஷனில் உணவு சேர்த்துக் கொண்டுவந்தவர்கள் யார் என்று நான் கேட்கிறேன். மீப் கீஸ், பெப் ஃபோஸ்கெல் என்ற அந்த இரண்டு பெண்களும்தான் கைதுக்குப் பிறகு தரையில் சிதறிக் கிடந்த தாள்களைப் பொறுக்கி எடுத்தார்கள். மீப் அவற்றைப் படிக்காமலே மேசை இழுப்பறையில் வைத்திருந்தார்.

அப்பா, எனக்கு மிகவும் கனக்கும் இடம் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் மீறி மனிதர்கள் உள்ளுக்குள் நல்லவர்களே என்று தான் நம்புவதாக ஆன் எழுதிய வரியைச் சுவரொட்டியில் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. பாடத்தையும் அந்த வரியோடு முடிக்கவே பிள்ளைகள் விரும்புகிறார்கள். பெற்றோர் சிலரும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் அவள் அதை எழுதிய தேதி 1944 ஜூலை 15. கடைசிக் குறிப்பு ஆகஸ்ட் 1. கைதானது ஆகஸ்ட் 4. நாம் யூத இனப்படுகொலை என்று சொல்கிறோமே, அது அவளை முழுதாக விழுங்கியது நாட்குறிப்பு நின்ற பிறகுதான். செப்டம்பர் 3ஆம் தேதி இந்த நாட்டு வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து 1,019 பேரோடு போலந்திலிருந்த ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குப் புறப்பட்ட ரயிலில் அந்த எட்டுப் பேரும் இருந்தார்கள். ஆஷ்விட்சுக்கு அங்கிருந்து போன கடைசி ரயில் அது. ஆனின் அம்மா ஆஷ்விட்சில் இறந்தார். அக்காவும் தங்கையும் பெர்கன்-பெல்சன் முகாமில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார்கள். சில வாரம் கழித்து, 1945 ஏப்ரல் 15ஆம் தேதி, அந்த முகாம் விடுவிக்கப்பட்டது. திரும்பி வந்தவர் அப்பா ஓட்டோ ஒருவர்தான். இதையெல்லாம் அவளால் எழுத முடியவில்லை. ஆகையால் கடைசிப் பக்கத்தோடு புத்தகத்தை மூடினால் பாதிப் பாடமே நடந்திருக்கிறது என்று பள்ளியில் வாதாடினேன். இப்போது கடைசி இரண்டு வாரம் முழுவதும் அந்தப் பக்கத்துக்குப் பிறகு நடந்ததற்கே.

அந்த வாரங்களில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தெருவில் குடியிருந்து கொல்லப்பட்ட ஒருவரை இணையப் பதிவேட்டில் தேடிப் பெயர், வயது, வீட்டு எண் என்று தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும், கற்பனையாக ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. பிறகு கொல்லப்பட்டவர்களின் பெயர்ச் சுவருக்கு அழைத்துப் போகிறோம். 2021இல் திறந்த அந்தச் சுவரில் ஆளுக்கொரு செங்கல். அதில் பெயரும் பிறந்த தேதியும் இறந்தபோது இருந்த வயதும் பொறித்திருக்கிறது. தன் வீட்டு மாடிப்படியிலேயே ஏறி இறங்கிய ஒன்பது வயதுப் பையனின் செங்கல்லை ஒரு பெண் தேடிக் கண்டுபிடித்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, அந்த எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

லண்டனிலிருந்து டச்சு அமைச்சர் ஒருவர் 1944 மார்ச் 28ஆம் தேதி வானொலியில் பேசினார். சாதாரண ஜனங்களின் நாட்குறிப்பும் கடிதமும் போருக்குப் பிறகு வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் ஆன் தன் குறிப்புகளைத் திருத்தி எழுதத் தொடங்கினாள். இதைச் சொல்லும்போது, பால்காரர் கணக்கிலிருந்து மழை பெய்த நாள் வரை இரவுதோறும் நீங்கள் எழுதும் டைரியைப் பற்றி வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்கிறார்கள். ஏதாவது ஒரு வருடத்து டைரியில் நாலு பக்கம் தம்பியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போனபோது, ஒளிவிடத்துச் சுவர்க் காகிதத்தில் ஓட்டோ தன் பெண்களின் உயரத்தைப் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி போட்டிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். வெளியே காலடி வைக்காத இரண்டு வருடத்தில் ஆன் 13 சென்டிமீட்டருக்குமேல் வளர்ந்திருக்கிறாள். இதற்குமுன் பலமுறை பார்த்த கோடுகள்தான். ஆனால் நம் கூடத்துக் கதவு நிலையை எடுத்துவிடப் போகிறார்கள் என்று நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்துவிட்டது. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் என்னை நிலையோரம் நிறுத்தி, குதிகாலைத் தூக்காதே என்று அதட்டி, ஆணியால் நீங்கள் கீறிய கோடுகள், பக்கத்தில் அத்தை பிள்ளைகளின் கோடுகள். அவர்கள் பட்டதோடு நம் வீட்டை ஒப்பிடுவது பாவம், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கண்ணீர் நிற்கவில்லை. பிள்ளைகள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். வரலாற்று ஆசிரியர் திரும்பி வந்து கூப்பிடும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அப்பா, எனக்கு ஒருமுறை வீட்டுக்கு வர வேண்டும் போலிருக்கிறது. இந்தக் கோடையில் டிக்கெட் விலை அதிகமாகச் சொல்கிறார்கள். தைக்கு வரப் பார்க்கிறேன்.

இனி வீட்டு விஷயம். பாகப்பிரிவினையில் சித்தப்பா கேட்கிறபடி கொல்லைப்பக்கத்தை விட்டுக்கொடுத்துவிடுங்கள். கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமையை மட்டும் பத்திரத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சாக விட வேண்டாம். பட்டுக்கோட்டை அத்தையை இதில் கலந்துகொள்ளாமல் எதையும் முடிக்காதீர்கள். அவர் மனம் நோகக் கூடாது. கூடத்தை இடித்தாலும் அந்த நிலையைத் தச்சரிடம் விலைக்குக் கொடுத்துவிடாமல், கழற்றி, மழை படாமல் மாட்டுக்கொட்டகைப் பரணில் வைக்கச் சொல்லுங்கள். இந்த மாதப் பணம் பத்து நாள் பிந்தி வரும். இங்கே வரிக் கணக்கு முடிக்கிற சமயம், அவ்வளவுதான். பொழுது போக வேண்டுமே என்று சாயங்காலம் இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், அதிலும் கொஞ்சம் சேரும். அம்மாவின் கண்புரை ஆபரேஷனை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். தம்பியின் பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது என்று எழுதுங்கள்.

பவர் பத்திரத்தை நான் தி ஹேக் நகரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். பத்திர எழுத்தர் வரைவை அனுப்பும்போது என் பெயரும் உங்கள் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, முதலெழுத்தை விரித்து, இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை சரிபார்த்து அனுப்புங்கள். போன தடவை ஓர் எழுத்துப் பிழைக்காக இரண்டாம் முறை அலைய வேண்டியதாயிற்று.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

தங்கள் அன்பு மகள்