படத்தோடு ஒரு வரியும் திருப்பி அனுப்புங்கள்: ஓவியத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஓவியக் கண்காட்சிகளுக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்கள் விண்ணப்பப் படிவத்தில் பெயர், வயது, படத்தின் அளவு எல்லாம் எழுதி முடித்ததும் ஒரு கட்டம் வரும். ‘ஓவியம் பயின்ற இடம், ஆசிரியர் பெயர்.’ 11 வருடங்களாக அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறேன். இந்த முறை கோடு போடக் கை வரவில்லை. அங்கே எழுத வேண்டியதை இங்கே எழுதுகிறேன். எந்த ஒரு குழுவையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. படம் அனுப்புகிற எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே படிவம்தான் வருகிறது, திரும்பி வரும் துண்டுச் சீட்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. வரைய ஆரம்பித்தபோது வயது 31. அம்மா படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில் இரவு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். செய்வதற்கு ஒன்றும் இருக்காது. கையில் பால்பாயின்ட் பேனா, மடியில் ஒருபக்கம் எழுதிய தாள்கள். அம்மா தூங்கும்போது முகம் அசையும், உதடு அசையும், கை மட்டும் போர்வைமேல் அப்படியே கிடக்கும். அதை வரைந்தேன். பால்பாயின்டில் போட்ட கோட்டை அழிக்க முடியாது. அதனால் கோடு போடுவதற்கு முன் நெடுநேரம் பார்க்க வேண்டியிருந்தது. புறங்கை நரம்பு எந்த இடத்தில் எலும்பைத் தாண்டுகிறது, கட்டைவிரல் நகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். 60, 70 தாள்கள் சேர்ந்தன. என் முதல் பாடம் அதுதான். பார்ப்பதற்குப் பத்துப் பங்கு நேரம், போடுவதற்கு ஒரு பங்கு.

அம்மா போன பிறகு அந்தத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் கையை வண்ணத்தில் தீட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. அங்கேதான் நான் தனியாக மாட்டிக்கொண்டேன்.

பகலெல்லாம் வேலை. வீடு அடங்கின பிறகு, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில்தான் தீட்டுவேன். ஒரு முகத்தை மூன்று வாரம் தீட்டினேன். இரவில் பார்க்கும்போது தோல் நிறம் சரியாக, கதகதப்பாக இருந்தது. விடுமுறை நாள் காலையில் ஜன்னலுக்கு அருகே கொண்டுபோய் வைத்தேன். முகம் நீலம் பாரித்து, உயிர் போன உடம்பு மாதிரி கிடந்தது. படத்தில் இருந்த வெதுவெதுப்பு முழுக்க அந்தப் பல்பு கொடுத்தது, வண்ணத்தில் அது இல்லவே இல்லை. இது எனக்குப் புரிய நான்கு படங்கள் ஆயின. நான்கு படம் என்றால் ஏறக்குறைய ஐந்து மாதம்.

அடுத்து விரிசல். கையை வரைந்த முதல் எண்ணெய் வண்ணப் படம் எட்டு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் மணிக்கட்டுப் பக்கம் தலைமுடி கனத்தில் ஒரு கீறல். ஒரு மாதத்தில் வறண்ட குளத்து மண் போல வெடித்துவிட்டது. காரணம் தெரியாமல் வண்ணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பழைய பாடப்புத்தகத்தில் படித்தேன். தண்ணீர் காய்வது போல எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. எண்ணெய் கூடுதலாக இருக்கும் அடுக்கு இறுக நாளாகும், அதுவரை உள்ளுக்குள் அசைந்துகொண்டே இருக்கும். அதன்மேல் டர்பன்டைன் விட்டு நீர்க்கக் கரைத்த வண்ணத்தைப் பூசினால் மேலடுக்கு சீக்கிரம் இறுகிவிடும், அடியில் அசைவு நிற்காது, மேலே வெடிக்கும். அதனால் அடியில் எண்ணெய் குறைவாக, மேலே போகப் போக எண்ணெய் கூடுதலாக. நான் நேர் தலைகீழாகச் செய்திருந்தேன். யாராவது பக்கத்தில் நின்றிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள்.

சந்தோஷமும் உண்டு. ஒரு நாள் இரவு கறுப்பு வண்ணக் குழாய் தீர்ந்துபோனது. பலகையில் மிச்சம் இருந்த அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் பழுப்பையும் சும்மா குழைத்தேன். ஆழமான ஒரு கறுப்பு வந்தது. நீலம் கொஞ்சம் கூடினால் குளிர்ந்த நிழல், பழுப்பு கூடினால் வெதுவெதுப்பான நிழல். வெள்ளை சேர்த்தால் எத்தனையோ சாம்பல்கள். குழாய்க் கறுப்பில் இத்தனை உயிரை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. பயிற்சிக்குப் போகிறவர்கள் இதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வார்கள் என்பது பின்னால் தெரிந்தது. இருக்கட்டும். அந்த இரவு எனக்கு வேண்டும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். தானே கற்றவர்களுக்கு ஓவிய வரலாற்றில் இடம் இருக்கிறதா என்று வாதாட வரவில்லை. இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பாரிஸில் நகருக்குள் வரும் சரக்குகளுக்கு வரி வசூலிக்கும் வேலையில் இருந்த ஆன்ரி ரூசோ 1884-இல் லூவர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பார்த்து வரைய அனுமதிச் சீட்டு வாங்கினார். அதே வருடம்தான் அங்கே சுயேச்சை ஓவியர்கள் ஒன்றுகூடி, தேர்வுக் குழுவும் பரிசும் இல்லாத கண்காட்சியைத் தொடங்கினார்கள். ரூசோ 1886 முதல் அங்கே படம் வைத்தார். 1893-இல், 49 வயதில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரைந்தார். அவருடைய காடுகளை எல்லோரும் பார்த்திருப்போம். அவர் பிரான்ஸை விட்டு வெளியே போனதே இல்லை, பாரிஸின் தாவரவியல் பூங்காதான் அவருக்குக் காடு. தேர்வுக் குழு இருந்திருந்தால் அவர் படம் சுவரேறியிருக்குமா என்று நினைத்துப் பார்ப்பேன்.

ஆனாலும், தேர்வே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தேர்வுக் குழு வேண்டும். அது வாய் திறந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

தானே கற்றவர் என்று நாம் சொல்கிறவர்களின் வாழ்க்கையைக் கிட்டப் போய்ப் பார்த்தால், எங்கோ ஓரிடத்தில் ஒரு குரல் இருந்திருக்கிறது. ரவிவர்மா சிறு வயதில் எண்ணெய் வண்ணத்தின் நுட்பம் தெரியாமல் தவித்தார். அது தெரிந்த அரண்மனை ஓவியர் சொல்லித் தரவில்லை. அவரிடம் சீடராக இருந்த ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். பின்னால் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டும் விட்டார். அந்தப் பார்வையிலிருந்து ரவிவர்மா எடுத்துக்கொண்டார். வான் கோ 1880-இல், 27 வயதில்தான் ஓவியராவது என்று முடிவு செய்தார். சார்ல் பார்க் தயாரித்த பயிற்சித் தாள்களை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வரைந்தார். பயிற்சிக் கூடங்களில் அவர் இருந்தது சில மாதங்கள்தான். 1881 கடைசியில், உறவு முறையில் நெருங்கியவரான ஓவியர் அன்டன் மோவ் கொஞ்ச காலம் உட்கார வைத்து வண்ணம் பழக்கினார்.

வான் கோவின் வாழ்க்கையில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது வேறொரு சம்பவம். 1885-இல் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ படத்தை அவர் கல்லச்சில் போட்டு, முறையாகப் பயின்ற ஓவிய நண்பர் ஃபான் ரப்பார்டுக்கு அனுப்பினார். நண்பர் கடுமையாகக் குறை சொல்லி எழுதினார். வான் கோ அந்தக் கடிதத்தையே மடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். நட்பும் அதோடு மெல்ல முறிந்தது. ஆனால் அந்தக் கோபத்தோடேயே அடுத்தடுத்த கடிதங்களில் தான் ஏன் அப்படி வரைந்தேன், எதைத் தேடுகிறேன் என்று எழுதினார். ஒருவர் குறை சொன்னதால்தான் அந்தப் பதில் அவருக்குள்ளிருந்து வெளியே வந்தது. நானும் உங்கள் வரியைப் படித்துவிட்டுக் கோபப்படலாம். பரவாயில்லை, சொல்லுங்கள்.

எனக்கு அப்படி ஒரு வரி ஒரே ஒரு முறை கிடைத்திருக்கிறது.

ஏழு வருடம் முன்பு, தேர்வாகாத என் படத்தைத் திரும்ப வாங்கப் போயிருந்தேன். எந்தக் கண்காட்சி என்பது முக்கியமில்லை. சீட்டில் வழக்கமான வாசகம்தான் இருந்தது, ‘தங்கள் படைப்பு தேர்ந்தெடுக்கப்படவில்லை.’ படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். குழுவில் இருந்த ஒருவர், வயதானவர், அந்தப் பக்கமாக வந்தவர் நின்றார். துணியை விலக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார். “எல்லா விளிம்பும் ஒரே கூர்மையா இருக்கு. எதைப் பார்க்கணும்னு கண்ணுக்குத் தெரியலை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து படத்தை மாட்டிவைத்துப் பார்த்தேன். அதே கைதான், ஆறாவது முறை. விரலின் விளிம்பு, போர்வையின் மடிப்பு, பின்னால் இருக்கும் சுவர், கட்டில் சட்டம், எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு, ஒரே கூர்மையோடு கத்தரித்து ஒட்டியது போல வரைந்திருந்தேன். பால்பாயின்ட் பேனா கொடுத்த பழக்கம் அது. கோடு என்றால் கோடுதான். ஆனால் கண் அப்படிப் பார்ப்பதில்லை. பார்க்கிற இடம் தெளிவாக இருக்கும், சுற்றிலும் உள்ளது கரைந்திருக்கும். நிழல்பக்கம் சுண்டுவிரல் எங்கே முடிகிறது, போர்வை எங்கே தொடங்குகிறது என்று உண்மையில் தெரியாது. நான் தெரிவதாக நினைத்துக்கொண்டு வரைந்திருந்தேன்.

காய்ந்த தூரிகையை எடுத்து, ஈரமாக இருந்த ஒரு புதுப் படத்தில் சுண்டுவிரலின் நிழல் விளிம்பை ஒரே ஒரு முறை, மெல்லத் தடவிவிட்டேன். விரல் போர்வைக்குள் அமிழ்ந்தது. கையின் கனம் வந்துவிட்டது. அத்தனை வருடமும் போர்வைமேல் மிதந்துகொண்டிருந்த கை அன்றைக்குத்தான் இறங்கிப் படுத்தது. நான் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்தப் பெரியவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் சொன்னது இரண்டு வாக்கியம், எடுத்துக்கொண்டது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அது இல்லாமல் நானாகக் கண்டுபிடித்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் ஆகியிருக்குமோ.

என் கோரிக்கை இதுதான். தேர்வாகாத படத்தைத் திருப்பி அனுப்பும்போது ஒரு வரி எழுதி அனுப்புங்கள். எல்லோருக்கும் வேண்டாம், வேலை பெருகும் என்பது தெரியும். படிவத்தில் ‘குறை சொல்லலாம்’ என்று ஒரு சின்னக் கட்டம் வையுங்கள். விரும்புகிறவர்கள் குறியிடட்டும். படத்தின் முன் நிற்கும்போது உங்களுக்குள் ஒரு காரணம் ஓடித்தானே அதை ஓரமாக வைக்கிறீர்கள்? ‘நிழலெல்லாம் ஒரே நிறம்’, ‘நடுவில் கூட்டம் அதிகம்’, ‘நன்றாக இருக்கிறது, இடம் இல்லை.’ ஓடுகிற அந்தக் காரணத்தைப் பென்சிலால் கிறுக்கினால் போதும். கையெழுத்து வேண்டாம். ‘இடம் இல்லை’ என்ற ஒரு வரியே எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரியாது. இல்லையென்றால் சரியாக இருக்கிற ஒன்றைத் தவறென்று நினைத்து ஒரு வருடம் மாற்றிக்கொண்டிருப்போம்.

பயின்றவர்களுக்கு இது அவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம். அவர்களுக்கு வகுப்பில் கூடப் படித்தவர்கள் இருக்கிறார்கள், படத்தைச் சுவரில் மாட்டி ஆளாளுக்குப் பேசிய பழக்கம் இருக்கிறது. அவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை என்றால் பட்டத்துக்காக இல்லை, அந்தச் சுவருக்காக. எங்கள் படத்தைப் பார்க்கிறவர்கள் வீட்டு ஆட்கள். அன்பில் ‘அழகா இருக்கு’ என்பார்கள். அதற்கு மேல் அவர்களிடம் எப்படிக் கேட்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களில் சிலரை எடுத்து ‘வெகுளிக் கலை’ என்று தனி மூலையில் மாட்டுகிறார்கள். தயவுசெய்து அந்த மூலை வேண்டாம். இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் வாலிஸ் கடலோடியாகவும் பழைய கப்பல் சாமான் வியாபாரியாகவும் இருந்தவர். 1922-இல் மனைவி இறந்த பிறகு, துணைக்காக வரையத் தொடங்கினார். கிழிந்த அட்டைப் பெட்டிகளில், படகுக்கு அடிக்கும் பெயின்ட்டால் கப்பல்களை வரைந்தார். 1928-இல் திறந்திருந்த கதவு வழியாக அவற்றைப் பார்த்த ஓவியர்கள் பென் நிக்கல்சனும் கிறிஸ்டஃபர் வுட்டும் வாலிஸைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். அதே வாலிஸ் 1942-இல் ஆதரவற்றோர் இல்லத்தில் இறந்தார் என்பதும் வரலாறுதான்.

‘பயின்ற இடம்’ என்ற கட்டத்தையும் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். ‘எப்படிக் கற்றீர்கள்?’ என்று கேளுங்கள். கல்லூரியில் படித்தவர் அதன் பெயரை எழுதட்டும். நான் எழுதுவது இவ்வளவுதான்: அம்மாவின் கை, பால்பாயின்ட் பேனா, வெடித்த ஒரு படம், பெயர் தெரியாத ஒரு பெரியவரின் இரண்டு வாக்கியம்.

அடுத்த வாரம் என் படம் உங்களிடம் வரும். அந்தக் கைதான், பத்தாவது முறை. சட்டத்தின் பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். நூலில் ஒரு பென்சிலும் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தானே கற்றுக்கொண்டிருக்கும் ஓர் ஓவியர்