காரணம் எழுதும் இடம்

அன்புள்ள ஜெபராஜ்,

'கிறிஸ்துவுக்குள் அன்பான' என்று தொடங்கினால் நீ சிரிப்பாய். அதனால் வெறும் அன்புள்ளதான். எட்டு மாதம் ஆகிவிட்டது. அன்றைக்குப் போனைப் பட்டென்று வைத்தது நான். நீயும் மறந்திருக்கமாட்டாய், நானும் மறக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் வைக்கும்போது அதே கேள்வியைக் கேட்பாய் என்கிற பயம். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிறவரை உன்னால் குறுக்கே வர முடியாது.

உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் வீட்டு மதினி உன் தங்கச்சியிடம், அதுதான் என் வீட்டுக்காரியிடம், சொன்னார்களாம். சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். எனக்குச் சர்க்கரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதலூர் மஸ்கோத் அல்வா ஒரு கிலோ பார்சல் போட்டிருக்கிறேன். உனக்கு இல்லை, மதினிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனிடம் பேசிவிட்டேன்.

(இந்த இடத்தில் நீ கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாய் என்று தெரியும். துடைத்துவிட்டு வா.)

போன மாதம் நம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை அசன விருந்து. வழக்கம்போல சோறு பரிமாறும் கூட்டத்தில் நான். இத்தனை வருஷமாக இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அண்ணன் உட்காருகிற பந்தியில் நான் பரிமாறமாட்டேன். நான் பரிமாறுகிற பந்தியில் அவன் உட்காரமாட்டான். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் சங்கம் முழுக்கத் தெரியும். பிள்ளைகள்கூட "பெரியப்பா முதல் பந்தி, சித்தப்பா ரெண்டாவது பந்தி" என்று மனப்பாடமாகச் சொல்லும். இந்தத் தடவை கறி வாளி தூக்குகிற பையன் ஒருத்தன் வரவில்லை. "சார், நீங்க பிடிங்க" என்று வாளியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். குனிந்தபடியே ஊற்றிக்கொண்டு போகிறேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்க்கிறேன். ஓர் இலைக்கு முன்னால் நின்றபோது, "ஏல, கொழுப்பு போடாத" என்று ஒரு குரல்.

நான் கொழுப்பை ஒதுக்கிவிட்டு நல்ல துண்டாக இரண்டு போட்டேன். "எலும்பு வேணுமா?" என்றேன். "ஒண்ணு போடு" என்றான். போட்டேன். அடுத்த இலைக்குப் போய்விட்டேன்.

அவ்வளவுதான் ஜெபராஜ். 11 வருஷத்துக்கு அப்புறம் நாங்கள் பேசிக்கொண்டது கொழுப்பையும் எலும்பையும் பற்றி. நீ என்னமோ கண்ணீரும் கட்டித்தழுவலும் எதிர்பார்த்திருப்பாய்.

உன்னிடம் சொல்ல வந்தது அதுவும் இல்லை. அன்றைக்கு ராத்திரி அண்டா கழுவி, பாய் சுருட்டி, வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குள்ளே ஒன்றுமே எழவில்லை என்று. அவன் சைக்கிள் மணி கேட்டாலே நெஞ்சில் ஏதோ உருண்டு மேலே வருமே, அது வரவில்லை. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். கிணற்றை நினைத்தேன், வேலிக்கல்லைப் பிடுங்கிப் போட்டதை நினைத்தேன், அம்மா அடக்கத்தன்று அவன் சொன்னதை நினைத்தேன். நடந்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய சூடு இல்லை. எப்போது போனது? நான் விடவில்லையே! உபவாசம் இருந்தா விட்டேன்? கன்வென்ஷனில் கையைத் தூக்கினேனா? இல்லவே இல்லை.

மாற்கு நாலாம் அதிகாரத்தில் வருமே, விதை போட்டவன் ராத்திரி தூங்கிப் பகலில் விழிக்கிறான், அவனுக்குத் தெரியாத விதமாய்ப் பயிர் முளைக்கிறது என்று. அந்த உவமை மற்ற மூன்று சுவிசேஷத்திலும் கிடையாது. ஓய்வுநாள் பள்ளியில் அதை எத்தனை வருஷம் பாடம் எடுத்திருப்பேன். அந்த மனுஷன் ஒன்றும் செய்யாமல் தூங்குகிறானே என்று ஒரு பையன் கேட்டதற்கு அதட்டி உட்கார வைத்தேன். அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவேண்டும். துபாயில் இருக்கிறானாம்.

மறுவாரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் இருந்தான். அண்ணன் வீட்டு மதினி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார்கள். கை நடுங்கி டம்ளர் தளும்பியது. எங்கள் இரண்டு பேருக்கும் கையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பேச்சு எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறாய்? பனையில்தான். எந்த 14 பனைக்காக நாங்கள் கோர்ட்டுப் படி ஏறினோமோ, அந்த 14-லும் ஏற ஆள் இல்லை. அப்பா காலையும் மாலையும் ஏறி இறங்கின மரங்கள். அந்தப் பதநீரில் நாங்கள் படித்தோம். படித்ததால் எங்களுக்கு ஏறத் தெரியாது. இப்போது பாளை தானாகக் காய்ந்து, பழம் தானாக விழுந்து, பன்றி தின்னுகிறது. வக்கீலுக்கு நாங்கள் இரண்டு பேரும் கொடுத்ததைக் கூட்டினால் புதுத் தோப்பே வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு வாத்தியார் அல்லவா. அண்ணன் சிரித்தான். ஆனாலும், "அந்த மூணாவது மரம் என்னுதுதான் ல" என்றான். இன்னும் அவனுடையதுதான் என்கிறான்! வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டேன், மரத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் உனக்கு நாலு வரி வாட்ஸ்அப்பில் போட்டிருப்பேன். பிரச்சினை அதற்கு அப்புறம்தான் வந்தது.

ஸ்தோத்திர காணிக்கை போடவேண்டும் என்று தோன்றியது. சீட்டில் பெயர், தொகை, காரணம் என்று மூன்று இடம் இருக்குமே. காரணம் எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாசிப்பதைத்தான் கேட்டிருக்கிறாயே: மகன் பரீட்சையில் பாஸ், பேத்தி பிறந்தது, புது பைக், ஆபரேஷன் சுகம், விசா கிடைத்தது. போன வாரம் ஒருவர் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வந்ததற்குப் போட்டார். எல்லாம் நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் கோயிலில் நான் உட்கார்ந்த அறுபது வருஷத்தில், 'என் கோபம் குறைந்ததற்காக' என்று யாரும் சீட்டு எழுதி வாசித்துக் கேட்டதில்லை.

ஏன் எழுதுவதில்லை என்று யோசித்தேன். எழுதப் போனால் யார் ஞாபகம் வருகிறான் தெரியுமா? லூக்கா 18. தேவாலயத்தில் நின்று, நான் மற்ற மனுஷரைப்போல இல்லாததற்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்றானே, அந்தப் பரிசேயன். அவனும் தன் ஆவிக்குரிய வளர்ச்சிக்குத்தானே நன்றி சொன்னான்! பொய்கூடச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், தசமபாகம், எல்லாம் நிஜம். கோயிலில் உரக்க வாசிக்கச் சீட்டு எழுதுகிற நானும் அவனுக்குப் பக்கத்தில் போய் நிற்கவேண்டியதுதான். ரெண்டு நாள் சீட்டு சட்டைப்பையிலேயே கிடந்தது.

இதை உன் தங்கச்சியிடம் சொன்னேன். "உங்களுக்கு வளர்ச்சியா? நேத்து பால்காரரை என்ன பேச்சுப் பேசினீங்க" என்றாள். அடுத்த அடி: "அது பிரஷர் மாத்திரை. நாலு வருஷமா சாப்பிடுறீங்கல்லா." இது எனக்கு நிஜமாகவே பயமாகிவிட்டது ஜெபராஜ். கர்த்தர் செய்தார் என்று நான் நினைப்பது வயசும் மாத்திரையும் செய்த வேலையாக இருந்தால்? மூர்க்கக் காளைக்கும் பல் விழுந்தால் சாந்தம் வரும். அதை மனந்திரும்புதல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு வாரம் இதே யோசனை. பிறகு நம் கோயில் சேகரப் பொருளாளர் தெருவில் எதிரே வந்தார். வந்தது பார் ஒரு கோபம்! காது வரைக்கும் சுட்டது. அப்போதுதான் ஆறுதல். மாத்திரைதான் காரணம் என்றால் அது பொருளாளருக்கும் வேலை செய்யவேண்டாமா?

சிரிக்காதே. சரி, சிரி.

புதன்கிழமை வீட்டுக் கூட்டத்துக்குப் பவுலின் நிருபங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் வழி கிடைத்தது. மனுஷன் ஒவ்வொரு கடிதத்தையும் எதற்கு ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பிக்கிறான் என்று வரிசையாகப் பார்த்தேன். (கலாத்தியருக்கு அதுவும் கிடையாது, நேரே திட்டு. நம் கட்டை சார் வகுப்புக்குள் வருகிற மாதிரி.) ரோமர், கொலோசெயர், தெசலோனிக்கேயர் எதை எடுத்தாலும், பயிர் விளைந்ததற்கோ வீடு கட்டினதற்கோ அல்ல, உங்கள் விசுவாசத்துக்காக, உங்கள் அன்புக்காக. இரண்டாம் தெசலோனிக்கேயரில் இன்னும் ஒரு படி மேலே போகிறான்: உங்கள் விசுவாசம் பெருகுகிறது, அதனால் ஸ்தோத்திரம் சொல்ல நாங்கள் 'கடனாளிகளாயிருக்கிறோம்' என்று. நீங்கள் வளர்ந்தீர்கள், நான் கடன்பட்டேன். தன்னைப் பற்றி வரும்போதோ, நான் இன்னும் முற்றும் தேறினவன் இல்லை என்று பிலிப்பியரில் ஒதுங்கிக்கொள்கிறான். பரிசேயன் சொன்ன அதே 'ஸ்தோத்திரிக்கிறேன்'தான், ஆனால் கை அடுத்தவனை நோக்கி நீளுகிறது.

அம்மாவின் கைப்பிடி அரிசிக் கலயம் ஞாபகம் இருக்கிறதா? உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கை எடுத்துக் கோயிலுக்கென்று போடுவாள். பானையில் குறைந்தது தெரியாது, கலயத்தில் கூடினதும் தெரியாது, மாசக் கடைசியில் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு போவாள். நீ 11 வருஷம், ஒவ்வொரு போனிலும், மழை எப்படி, விலைவாசி எப்படி என்றெல்லாம் பேசிவிட்டு, வைக்கும்போது, "அண்ணன்கிட்ட பேசினியா ல?" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றினேன், கத்தினேன், நீ ஊரை விட்டு ஓடினவன் உனக்கென்ன தெரியும் என்றேன், கடைசியில் போனையே வைத்தேன். ஒரு தடவைகூட நீ புத்தி சொல்லவில்லை, வசனம் எடுத்து அடிக்கவில்லை. கேள்வி மட்டும்தான். அது எங்கே போய் விழுந்துகொண்டிருந்தது என்று எனக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரிந்திருக்காது.

ஆக, சீட்டை எடுத்தேன். பெயர்: ஒரு நண்பன். தொகை: ஐந்நூறு. காரணம்: மும்பை ஜெபராஜின் பொறுமைக்காக.

என் கையெழுத்துதான் உனக்குத் தெரியுமே. ஞாயிறு ஆராதனையில் உபதேசியார் மைக்கில் கணீரென்று வாசித்தார்: "மும்பை ஜெபராஜின் பெருமைக்காக."

கோயில் வாசலிலேயே நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். உனக்கு ஏதோ அவார்டு கிடைத்திருக்கிறது என்று ஒரு கட்சி. நீ ஊரில் மாடி கட்டப்போகிறாய் என்று இன்னொரு கட்சி. தெற்குத் தெருப் பாட்டி மட்டும், "அந்தப் பய சின்னப்பிள்ளையிலயே அப்படித்தான், கர்த்தர் அவனைத் தாழ்த்தட்டும்" என்று உனக்காக ஜெபம் பண்ணுவதாகச் சொன்னாள். நான் திருத்தவில்லை. ஒரு ஜெபம் வீணாகவேண்டாம்.

இன்னொன்று. சங்கீதம் 92-ல் நீதிமான் பனையைப்போல் செழிப்பான் என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது, இல்லையா? அண்ணன் திண்ணையில் அதைத்தான் காட்டினான். எபிரெயத்தில் அது 'தாமார்', பேரீச்சை. ஏலீமில் எழுபது பேரீச்சமரம் என்று யாத்திராகமத்தில் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் அதே சொல்தான். இங்கே பனை. மொழிபெயர்த்தவர் எதை நினைத்துப் பனை போட்டாரோ, நம் தேரிக்காட்டுக்காரனுக்குப் பேரீச்சையைவிட இதுதான் புரியும். பனை இளம் வடலியாக நிற்கும்போது ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்லமுடியாது. பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம், சிலது இன்னும் அதிகம். அதுவரைக்கும் தண்ணீர் ஊற்றவும் ஆள் இல்லை, வெட்டாமல் விட்டாலே போதும். "நாம ரெண்டு பேரும் எப்பவோ பாளை விட்டிருக்கணும் ல" என்றான் அண்ணன். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. என்னில் மட்டும்தான் ஏதோ நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பார்.

பக்கத்து ஊரிலிருந்து ஏற ஓர் ஆளைப் பிடித்திருக்கிறோம், ஐந்து மரத்துக்கு மட்டும். மூன்றாவது மரத்தில் ஏற அண்ணன் அனுமதி கொடுத்துவிட்டான். பதநீர் முடிவதற்குள் வந்துவிடு. ரயிலில் இடமில்லை என்று சாக்குச் சொல்லாதே. மதினியையும் கூட்டி வா. பழைய மூணாம் நம்பர் பந்தி விஷயத்தை அவர்கள் முன்னால் எடுக்கமாட்டேன், சத்தியம்.

அப்புறம், உன் கேள்விக்கு இனி வேலையில்லை. போனை வைக்கும்போது உனக்கு ஏதாவது கேட்டே ஆகவேண்டும் என்று தெரியும். வேறு கேள்வி யோசித்து வை. பொருளாளரைப் பற்றி மட்டும் கேட்காதே. கேட்டால் இந்த வயசில் இன்னும் 11 வருஷம் நான் எங்கே போவேன்?

உன்,
கோட்டைக்கல் (இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது நீ ஒருத்தன்தான் மிச்சம்)