பொன்னாடைக்கு மாடி, பழந்துணிக்குப் படிக்கட்டடி

எங்கள் மண்டபத்தை நிர்வகிக்கும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் சனிக்கிழமைகளில் பின்ஹாலில் கூடும் தையல் சங்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பழைய தையல் துணிகள் இருக்கும் பீரோவை மாடிக்கு மாற்றச் சொல்லிக் கொடுத்த மனுக்களும் உங்கள் கோப்பில்தான் இருக்கும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஆண்டு விழாவில் 'பாரம்பரிய மூலை' வைப்பதற்காக, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பீரோவைத் திறந்து, அந்தக் காலத்தில் தையல் பழகப் போட்ட மாதிரித் துணிகளைத் தெர்மாகோல் அட்டையில் ஸ்டேப்ளர் அடித்து மாட்டினீர்கள். விழா முடிந்ததும் உங்கள் ஆட்கள் அட்டையும் துணியுமாகப் படிக்கட்டுக்கு அடியில், மோட்டார் பக்கத்தில் சாய்த்துவிட்டார்கள். மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடந்தது. நாங்கள் எடுத்துப் பார்த்தபோது ஸ்டேப்ளர் பின் இறங்கிய இடமெல்லாம் துருக்கறை.

அதில் ஒன்று, மிஷன் பள்ளியில் படித்த ஒரு சிறுமி போட்டது. கிராஸ் ஸ்டிச்சில் உயிரெழுத்துகள், அவற்றின் கீழே 'மாலை', 'ஓலை' என்று சில சொற்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை', ஐகாரக் குறி தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து தும்பிக்கை தூக்கியது போல வளைந்தது. இழை எண்ணிக் கட்டம் கட்டமாகப் போடும் தையலில் வளைவு கொண்டுவருவது லேசுப்பட்ட வேலையில்லை. அந்தப் பிள்ளை ஒவ்வொரு பெருக்கல் குறியாகப் படியிறக்கி வளைத்திருக்கிறாள். ஓரிடத்தில் இழை தப்பிப்போய்ப் பிரித்துப் போட்டதுகூடப் பின்பக்கம் தெரியும். புது உறுப்பினர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது அந்தப் பின்பக்கத்தைத்தான். நூல் எங்கே தொடங்கியது, எப்படி முடிச்சில்லாமல் முடிந்தது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. இப்போது அது தெர்மாகோலோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒரு பின் சரியாக அந்த 'லை' மேல் இறங்கியிருக்கிறது. பிடுங்கினால் இழையும் சேர்ந்து வரும், விட்டால் துரு பரவும்.

பீரோவை மாடி அறைக்கு மாற்றுங்கள், சாவியை எங்களிடம் கொடுங்கள் என்றுதான் அன்றும் கேட்டோம், இன்றும் கேட்கிறோம்.

"பழைய துணிதானே" என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் காதில் விழுந்தது. பழையது என்பதால்தான் ஐயா இத்தனை பாடு. அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட துணிகளுக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு அது) மேல் வெளிச்சம் விடுவதில்லை. நீங்கள் போட்டது மேடை ஃபோகஸ் லைட். அந்தக் காலத்துக் கறுப்புப் பட்டு நூலில் சாயத்தோடு இரும்பு சேர்ந்திருந்தால் அந்த இரும்பே நூலைத் தின்றுவிடும், கடைசியில் ஊசி போன துளைதான் மிஞ்சும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் அது தாண்டாத நாள் ஏது? 2015 வெள்ளத்தின்போதும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் கீழ்த்தளத்தில் தண்ணீர் நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள்தானே நீங்கள்!

மாடியில் இடமில்லை என்கிறீர்கள். விருந்தினர்களுக்குப் போர்த்தி, அவர்களே மேடையில் விட்டுவிட்டுப் போன பொன்னாடைகள் அங்கே கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. நாப்தலின் உருண்டைகூடப் போட்டிருக்கிறீர்கள். நல்ல காரியம்.

ஊசி நூல் என்றாலே பொழுதுபோக்கு என்ற எண்ணம் உங்களுக்கு மட்டும் இல்லை. 2012-இல் அரசுப் பள்ளிகளில் பகுதிநேரமாகச் சேர்ந்த தையல் ஆசிரியைகள் வருடக்கணக்காகப் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். கணக்கு வாத்தியாரை இப்படிப் பகுதிநேரமாக வைத்திருப்பார்களா? எம்பிராய்டரி போட்ட ஜாக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்போம், அதைச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு முழுச் சம்பளம் கொடுக்க மனம் வராது.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். நீங்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. பல வருடம் வாடகை வாங்காமல் இடம் கொடுத்தவர்கள், அந்த நன்றி எங்களுக்கு உண்டு.

பின்களை உங்கள் ஆட்கள் யாரும் பிடுங்க வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழம்பொருள் பாதுகாப்புக்கென்றே ஆய்வகம் இருக்கிறது, அங்கே யோசனை கேட்கப் போகிறோம். அதுவரை அட்டையைப் படுக்கைவாக்கில், வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆசிட் இல்லாத டிஷ்யூ காகிதம் சங்கச் செலவில் வாங்கிவிட்டோம். அடுத்த மழைக்கு முன் பீரோ மாடிக்குப் போக வேண்டும், சாவி எங்கள் செயலாளரிடம் இருக்க வேண்டும். தூக்குகிற ஆட்களுக்குக் கூலி நாங்களே கொடுத்துவிடுகிறோம். எந்த நாள் தோதுப்படும் என்று தயவுசெய்து எழுத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருத்தி