அந்த ஒரு மச்சை மட்டும் விடுங்கள்: செட்டிநாட்டு வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்காளிகளுக்கும் ஆச்சிமார்களுக்கும்,

வணக்கம். சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் வந்து திறக்கிற பெரிய வீடுகளின் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

வைகாசி முகூர்த்தத்துக்காக வெள்ளையடிக்கத் திறந்த வீடு ஒன்றில் நடந்தது உங்களில் பலருக்கு வாட்ஸாப்பில் வந்திருக்கும். எந்த ஊர், யார் வீடு என்று எழுதப்போவதில்லை. ஒரு குடும்பத்தைச் சந்தியில் நிறுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. இரண்டாங்கட்டு மச்சில், அதாவது பின்கட்டின் மேல்தளத்தில், குப்பை வாரிய ஆட்கள் ஆந்தை வகையான கூகையின் ஐந்து குஞ்சுகளையும் சேர்த்து வாரி, அரிசிச் சாக்கில் கட்டி, கண்மாய்க் கரையில் வீசிவிட்டார்கள். ஆடு மேய்க்கிற ஒருவர் சாக்குக்குள் சீறல் சத்தம் கேட்டுப் பாம்பு என்று பயந்து, அப்புறம் பிரித்துப் பார்த்து எங்களிடம் கொண்டுவந்தார். வந்து சேரும்போது மூன்றுக்குத்தான் உயிர் இருந்தது.

நாங்கள் என்றால் பெரிய அமைப்பு எதுவும் இல்லை. காரைக்குடிப் பக்கம் கூட்டிலிருந்து விழுந்தது, நூலில் மாட்டியது என்று யாராவது பறவையைக் கொண்டுவந்தால், வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் கையில் சேர்க்கும்வரை பார்த்துக்கொள்கிற சிலர். எல்லோருக்கும் சொந்த வேலை உண்டு.

வேலை ஆட்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கூகை சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டாது. இருட்டான மூலையில், தான் கக்கிய எலும்பும் மயிருமான உருண்டைகளின் மேலேயே முட்டையிடும். பார்க்கிறவருக்கு அது குப்பைதான். "மச்சைச் சுத்தமாக வாரு" என்று போனில் சொன்னவர்கள், அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கலாம். நான் கேட்பது அவ்வளவுதான். வீட்டைத் திறக்குமுன் மச்சைப் பாருங்கள். குஞ்சு இருந்தால் அந்த ஒரு மச்சை மட்டும் விடுங்கள்.

ஒரு குஞ்சை எடுத்து வளர்ப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்களுக்கு எலிக் கதையைச் சொல்ல வேண்டும். மைனாக் குஞ்சு என்றால் அவித்த முட்டை, புழு என்று சமாளித்துவிடலாம். கூகைக்கு எலி வேண்டும். அதுவும் எலும்பு, தோல், மயிரோடு முழு எலி. வெறும் கோழிக்கறியைப் போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் எலும்பு வளைந்துவிடும். அந்தக் காலை வைத்துக்கொண்டு பிற்பாடு அது இரை பிடிக்க முடியாது. வளர்கிற குஞ்சு ஒன்றுக்கு ஒரு ராத்திரிக்கு மூன்று நான்கு எலி வேண்டும் என்றால், மூன்று குஞ்சுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எலி எங்கே இல்லை என்பீர்கள். செத்த எலி எங்கும் கிடைக்கும். ஆனால் இப்போது கடைக்குக் கடை விற்கிற எலி கேக், ரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்கிற மருந்து. அதைத் தின்ற எலியைத் தின்றால் கூகையும் உள்ளே ரத்தம் கசிந்து சாகும். ஆகவே பொறியில் விழுந்த எலிதான் வேண்டும். அரிசி ஆலை, மளிகைக் கிடங்கு, மாட்டுக் கொட்டகை என்று ஏறி இறங்கி, "மருந்து வைக்காமல் பிடித்ததா?" என்று கேட்டுக் கேட்டு வாங்கினோம். "உங்கள் வீட்டில் இன்றைக்கு எலிக் குழம்பா?" என்று ஒருவர் கேட்டார். சிரித்துக்கொண்டோம், வேறென்ன செய்வது! அதே வாரத்தில் அந்தக் கல்யாண வீட்டில் எலி அரிசி மூட்டையைக் கடித்துவிட்டது என்று சமையல்காரர் அட்டைப்பெட்டி நிறைய எலி கேக் வாங்கிப் போனார். எலி பிடிக்கிற குடும்பத்தைச் சாக்கில் கட்டி அனுப்பிவிட்டு எலிக்கு மருந்து வாங்கினால் அதற்கு நான் என்ன சொல்ல?

மூன்றில் கடைசிக் குஞ்சு மிகச் சின்னது. கூகை ஒரே நாளில் எல்லா முட்டையையும் இடாது. இடைவெளி விட்டு இடும், முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கும். அதனால் குஞ்சுகள் படிப்படியாகப் பல அளவில் இருக்கும். இதற்கு உடம்பில் வெறும் வெள்ளைத் தூவிதான், தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாத வயது. கண் திறந்திருந்தாலும் மூக்குக்கு நேரே நீட்டுகிற கறித்துண்டு அதற்குத் தெரியாது. அலகின் ஓரத்தில் இருக்கிற மெல்லிய மயிரில் கறி உரசினால்தான் டபக்கென்று கவ்வும். நான் உரசிக்கொண்டே இருந்தேன், கவ்வவில்லை. சாக்கில் ஏறிய வெயில் அதற்கு முன்பே வேலையை முடித்துவிட்டிருந்தது. முதல் வேளைக்கு முன்னாலேயே போய்விட்டது. மற்ற இரண்டும் பிழைத்தன.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்படிக் குஞ்சைப் பார்ப்பவர்கள் பாவம் என்று பாலும் தண்ணீரும் வாயில் ஊற்றாதீர்கள். தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்; பால் பறவைக்குச் செரிக்காது. மனிதர் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதும் வெறும் பேச்சு. எடுத்த இடத்திலேயே வைத்தால் தாய் வந்து பார்க்கும். எங்களைவிட அதற்கு நன்றாக எலி பிடிக்கத் தெரியும்.

சாக்குருவி என்று பேர் வாங்கிய கூகை குடியிருக்கிற வீட்டில் மாலை மாற்றுவதா என்று பெரியவர்கள் தயங்குவது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் உங்கள் நிலைவாசலுக்கு மேலே, பர்மாத் தேக்கில் யானைகள் நீர் சொரிய உட்கார்ந்திருக்கிறாளே மகாலட்சுமி, வடக்கே அவளுக்கு வாகனமே ஆந்தை வகைதான். அம்மனைக் கும்பிட்டுவிட்டு வாகனத்தைக் கண்மாயில் வீசுகிறோம். செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இலேயே ஏறிவிட்டன. ஆத்தங்குடித் தரைக்கல்லைப் படம் பிடிக்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். தூணும் நிலையும் கழன்று லாரியில் ஏறும்போது வாய் திறக்காதவர்களெல்லாம் மரபு நடை போகிறார்கள். பூட்டிய வீட்டில் வாடகை இல்லாமல் காவல் இருந்து, பத்தாயத்தையும் பழைய கணக்குக் கட்டுகளையும் எலியிடமிருந்து காத்த ஒரே ஜீவன் மட்டும் மரபில் சேராது போலிருக்கிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

சட்டத்தைக் காட்டி மிரட்ட எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குத் துப்பாக்கி தூக்குவது மட்டும் பொருள் இல்லை. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. கூலிக்கு வந்தவர் கலைத்தால், கலைக்கச் சொன்னவர் தப்பிக்க முடியுமா என்பதை உங்கள் குடும்பத்து வக்கீலிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வீடு திறக்கிற தேதி உங்களுக்கு மாதக்கணக்கில் முன்பே தெரியும். தேதி குறித்ததுமே ஒருவரை மச்சுக்கும் பூட்டிய அறைகளுக்கும் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முட்டை பொரிய ஒரு மாதம், குஞ்சு பறக்க அதற்கு மேல் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். குஞ்சு இருந்தால் அந்தக் கதவை மட்டும் சாத்தி, அவை வந்துபோகிற இடைவெளியை மறைக்காமல், அந்தப் பக்கம் சீரியல் பல்பு போடாமல் விட்டால் போதும். கல்யாணம் முகப்பிலும், முற்றத்தைச் சுற்றிய வளவிலும்தானே நடக்கிறது, இரண்டாங்கட்டு மச்சில் யார் பந்தி போடப் போகிறார்கள்? பறந்து போன பிறகு அந்த இடைவெளியைக் கம்பி வலை போட்டு அடைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். இடிக்கிற வீடு, காத்திருக்க வழியே இல்லை என்றால், கடப்பாரை வைக்குமுன் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. உங்கள் ஐயாக்கள் கொண்டுவிற்ற, அதாவது வட்டித் தொழில் செய்த, மலேயாவில், இன்று எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கம்பம் நட்டு, மரப்பெட்டி வைத்துக் கூகையை அழைக்கிறார்கள். தோட்டத்துப் பின்சுவரில் ஒரு பெட்டி மாட்ட அரை நாள் தச்சுக் கூலி ஆகும். பந்தல் செலவில் அது கண்ணுக்கே தெரியாது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப்பட்டியும் கொள்ளுக்குடிப்பட்டியும் இருக்கின்றன. 1977-இல் அந்தக் கண்மாய்கள் பறவைகள் சரணாலயமாயின. வந்து தங்குகிற நாரையும் கொக்கும் மிரளக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வெடியை விட்டுக்கொடுக்கிற இதே மாவட்டத்தில்தான், நான் உங்களிடம் ஒரு மச்சைக் கேட்கிறேன்.

இப்போது ஆடி. ஆவணி முகூர்த்தத்துக்கு வெள்ளையடிக்க ஆள் பேசியிருப்பீர்கள். தயவுசெய்து அவர்கள் துடைப்பத்தை எடுக்குமுன் மச்சைப் பார்க்கச் சொல்லுங்கள். அனுப்ப ஆள் இல்லை என்றால், சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் உங்கள் ஊர்க் காவல்காரரிடம் சொல்லி வையுங்கள். நாங்களே வந்து பார்த்துச் சொல்கிறோம். ஏணியும் டார்ச்சும் எங்களிடம் இருக்கின்றன, காசு எதுவும் வேண்டாம். உங்கள் சமையல்காரரின் பொறியில் மருந்து தின்னாத எலி விழுந்தால் மட்டும் கொடுத்தனுப்புங்கள். இரண்டு குஞ்சும் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து,
பறவை பார்க்கும் நண்பர்கள் சார்பில் ஒருவன்